மோட்டார் காயில் கட்டும் பெண்ணுக்கு எந்தப் பிரிவு?

கேள்வி: அக்கா, வணக்கம். வேடசந்தூர் பக்கம் ஒரு கிராமம். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி. கணிதம் 96, இயற்பியல் 90, வேதியியல் 92. அப்பா மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். லீவு நாளில் நானும் காயில் சுற்றுவேன், மெக்கர் (இன்சுலேஷன் பார்க்கும் கருவி) வைத்துச் சோதிப்பேன். இ.இ.இ. (எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயரிங்) எடுக்க ஆசை. "பொம்பளப் புள்ள கம்பத்துலயா ஏறப் போற? கம்ப்யூட்டர் எடுத்துட்டு ஏசி ரூம்ல உட்காரு" என்கிறார் மாமா. அப்பாவும் அந்தப் பக்கம் சாய்கிறார். எங்கள் ஊர் அண்ணன் படிக்கும் கல்லூரியில் இ.இ.இ. வகுப்பில் 60 பேரில் 9 பேர்தான் பெண்களாம். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் நான். சந்தேகம் வந்தால், சிக்கல் வந்தால் யாரிடம் போவேன்?
– ச., திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

முதலில் மாமாவின் கம்பத்தை இறக்கிவைத்துவிடுவோம். கம்பத்தில் ஏறுவது லைன்மேன், வயர்மேன் வேலை. அதற்கு ஐ.டி.ஐ. படித்தவர்களை எடுப்பார்கள். இ.இ.இ. படித்து மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராகச் சேர்பவர் எந்த ஃபீடரை (ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் லைன்) எப்போது நிறுத்துவது என்று திட்டமிடுவார், லைனில் ஆட்கள் வேலை செய்ய எல்.சி. என்ற அனுமதி கொடுப்பார், எஸ்டிமேட் போடுவார், டிரான்ஸ்ஃபார்மர் ஏன் அடிக்கடி போகிறது என்று கண்டுபிடிப்பார். வெயிலில் நிற்க வேண்டிவரும், நள்ளிரவில் போன் வரும். அதை மறைக்க வேண்டாம். ஆனால் துணை மின்நிலையத்தில் கோளாறு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்க வைக்கும் ரிலேக்களின் செட்டிங் பார்ப்பது, சோலார், காற்றாலை நிலையங்களின் மின் வடிவமைப்பு, மின்வாகனங்களுக்கான மோட்டார் கன்ட்ரோலர், கட்டடங்களுக்குக் கேபிள் அளவு கணக்கிடுவது, எனர்ஜி ஆடிட், கோயம்புத்தூர் பக்கத்து பம்ப், மோட்டார் ஆலைகளில் டிசைனும் டெஸ்டிங்கும் என இதில் பாதிக்கு மேல் வேலைகளில் ஏணியே கிடையாது.

அப்பாவின் கவலை சம்பளம் பற்றியது, அது நியாயமானது. அவரிடம் இதைச் சொல்: பெரும்பாலான ஐ.டி. சேவை நிறுவனங்கள் கேம்பஸில் எல்லாப் பிரிவு மாணவர்களையும் எடுக்கின்றன. இ.இ.இ. படித்தால் அந்தக் கதவு மூடிவிடாது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தாலோ, மின்வாரிய எலக்ட்ரிக்கல் பணி, பவர்கிரிட், என்.டி.பி.சி. போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் கேட் (GATE) தேர்வு மதிப்பெண் வழியாக எடுக்கும் எலக்ட்ரிக்கல் பணி எதற்கும் நீ விண்ணப்பிக்க முடியாது. தமிழ்நாடு அரசுப் பணிகளில் பெண்களுக்கு 30 சதவீத ஒதுக்கீடு இருப்பதையும் சேர்த்துச் சொல்.

இனி உன்னைக் கேட்கிறேன். பெண்கள் பொறியியலுக்கு வரும் காரணங்கள் பல. கணக்கு நன்றாக வந்தது, படித்தவுடன் வேலை கிடைக்கும், தோழி எடுத்தாள், அப்பா சொன்னார். எதுவும் தப்பான காரணமில்லை. ஆனால் மூன்றாம் செமஸ்டரில் மின்காந்தவியல் பேப்பர் கையில் வரும்போது, "தோழி எடுத்தாள்" என்ற காரணம் தாங்காது. கடையில் கை பழகியிருப்பது நல்ல காரணம்தான், ஆனாலும் ஒரு எச்சரிக்கை: காயில் சுற்றப் பிடிப்பது வேறு, இ.இ.இ. பாடம் பிடிப்பது வேறு. பாடத்தில் பெரும்பகுதி கணக்கு. அதனால் இந்தச் சோதனையைச் செய்து பார்.

கடைக்கு வரும் எரிந்த மூன்று பேஸ் மோட்டார்களில், ஸ்டார் இணைப்பு உள்ள சிலவற்றில் இரண்டு பேஸ் காயில் கருகி ஒன்று மட்டும் புதிதுபோல இருக்கும். டெல்டா இணைப்பில் ஒரு பேஸ் மட்டும் கருகி இரண்டு நன்றாக இருக்கும். அப்பா பார்த்த மாத்திரத்தில் "ஒரு பேஸ் போயிருக்கு" என்பார். ஏன் அப்படி? நிற்கும் மோட்டாருக்கு ஒரு பேஸ் இல்லாமல் சப்ளை கொடுத்தால் ஏன் உறுமுகிறது, சுற்ற மறுக்கிறது? ஓடிக்கொண்டிருந்த மோட்டார் மட்டும் ஏன் தொடர்ந்து ஓடுகிறது? பிளஸ் டூ இயற்பியலின் மின்காந்தத் தூண்டல், மாறுதிசை மின்னோட்டப் பாடத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு வாரம் தாளில் வரைந்து பதில் தேடு. முழு விடை வராவிட்டாலும் பரவாயில்லை. தேடுகிற அந்த ஒரு வாரம் உனக்கு எரிச்சலாக இருந்ததா, சாப்பாடு மறந்ததா என்பதுதான் விடை. எரிச்சல் என்றால் மாமா சொன்ன பிரிவையே எடு, அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

அடுத்தது அந்த 9 பேர். இதைத்தான் விரிவாகப் பேச வேண்டும்.

1940-இல் கிண்டி பொறியியற் கல்லூரியில் ஏ. லலிதா எலக்ட்ரிக்கல் படிக்கச் சேர்ந்தார். பதினைந்து வயதில் திருமணம், பதினெட்டு வயதில், கையில் நான்கு மாதக் குழந்தையோடு கணவரை இழந்தவர். அவருடைய அப்பா சுப்பா ராவ் அதே கல்லூரியில் எலக்ட்ரிக்கல் பேராசிரியர். முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசி மகளுக்கு இடம் வாங்கினார். அது எல்லோருக்கும் தெரிந்த பாதி. மறுபாதி இது: நூற்றுக்கணக்கான ஆண்கள் படிக்கும் வளாகத்தில் மகள் தனியாக இருக்கக் கூடாது என்று, பெண்களுக்கும் சேர்க்கை உண்டு என விளம்பரம் செய்யக் கல்லூரியைச் சம்மதிக்க வைத்தார். அப்படி வந்தவர்கள் பி.கே. திரேசியாவும் லீலாம்மா ஜார்ஜும். இருவரும் சிவில். லலிதா பிறகு கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் சேர்ந்து பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின் வேலைகளில் பங்கேற்றார். திரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

துணைக்கு வந்த இருவரும் லலிதாவின் பிரிவு இல்லை என்பதைக் கவனி. உனக்கும் 9 பேரோடு கணக்கு முடிந்துவிடவில்லை. இ.சி.இ., மெக்கானிக்கல், சிவில் விடுதித் தோழிகளும் உன் ஆட்கள்தான். முதலாண்டு கணிதமும் வரைபடமும் எல்லாப் பிரிவுக்கும் ஏறக்குறைய ஒன்றே.

துணை என்பது மனத் தெம்புக்கு மட்டும்தான் என்று நினைக்காதே. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் நிலாஞ்சனா தாஸ்குப்தா, தாரா டென்னஹி இருவரும் பொறியியல் முதலாண்டு மாணவிகள் 150 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2017-இல் வெளியானது. சிலருக்கு சீனியர் மாணவி வழிகாட்டி, சிலருக்கு சீனியர் மாணவர், சிலருக்கு யாருமில்லை. சீனியர் மாணவி வாய்த்தவர்களில் ஒருவர்கூட முதலாண்டில் பொறியியலை விட்டுப் போகவில்லை. மற்ற இரு குழுவிலும் பத்தில் ஒன்றிரண்டு பேர் போனார்கள். மார்க் வித்தியாசத்தால் நடந்ததல்ல இது. "இது என் இடம்தான்" என்ற எண்ணம் குறையாமல் இருந்ததுதான் காரணம். தாஸ்குப்தாவின் இன்னொரு ஆய்வில் நான்கு பேர் கொண்ட குழுக்களைப் பார்த்தார்கள். மூன்று ஆண்களுக்கு நடுவே ஒரே பெண்ணாக இருந்தவர்கள் குறைவாகவே வாய் திறந்தார்கள், முதலாண்டு மாணவிகளிடம் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

இதை உன் கல்லூரிக்கு எப்படிக் கொண்டுவருவது? லேப் பேட்ச் பிரிப்பது பெரும்பாலும் பதிவெண் வரிசையில்தான். 9 பெண்களும் பேட்சுக்கு ஒருவராகச் சிதறிப்போகலாம். யாரும் வேண்டுமென்று செய்வதல்ல, வரிசை அப்படி. முதல் வாரத்திலேயே, பட்டியல் ஒட்டுவதற்கு முன், லேப் பொறுப்பாசிரியரிடம் போய் "பெண்கள் இருக்கும் பேட்சில் இரண்டு பேராவது சேர்ந்து இருக்கும்படி போடுங்கள் சார்" என்று கேளுங்கள். மூன்று பேராகப் போங்கள். பட்டியல் ஒட்டிய பிறகு மாற்றுவது ஆசிரியருக்குத் தலைவலி, அதற்கு முன்னால் ஐந்து நிமிட வேலை.

பேட்சுக்குள் என்ன நடக்கிறது என்பது அதைவிட முக்கியம். மெஷின்ஸ் லேபில் நான்கு பேர் நின்றால் தானாகவே ஒரு பிரிவினை நடந்துவிடும். ஒருவர் கனெக்‌ஷன் கொடுப்பார், ஒருவர் ரியோஸ்டாட்டும் (கூட்டிக் குறைக்கக்கூடிய மின்தடை) லோடும் பார்ப்பார், ஒருவர் மீட்டர் ரீடிங் சொல்வார், ஒருவர் எழுதுவார். எழுதுகிற வேலை உனக்கு வரும். "உன் கையெழுத்து அழகா இருக்கு" என்பார்கள். பாராட்டில் மயங்காதே. செமஸ்டர் கடைசியில் எக்ஸ்டர்னல் தேர்வாளர் முன்னால் சீட்டுக் குலுக்கி எடுத்து ஒரு சோதனையைத் தனியாகச் செய்ய வேண்டும். அப்போது டி.சி. ஷன்ட் மோட்டாரைக் கிளப்பும்முன் ஃபீல்டு ரியோஸ்டாட் குறைந்த ரெசிஸ்டன்ஸ் நிலையில் இருக்க வேண்டும், ஆர்மேச்சர் ரியோஸ்டாட் அதிக ரெசிஸ்டன்ஸில் இருக்க வேண்டும் என்பது ரெக்கார்டில் எழுதியதாக நினைவிருக்கும், கைக்குத் தெரியாது. மாற்றி வைத்துச் சுவிட்சைப் போட்டால் கரண்ட் எகிறும், ஃபியூஸ் போகும், மார்க்கும் போகும். ஃபீல்டு சுற்று அறுந்தே போனால் வேகம் கட்டுக்கடங்காமல் ஏறும், அது மார்க்கோடு நிற்காது. ஆகவே முதல் சோதனையன்றே நான்கு வேலைக்கும் சுழற்சி முறை எழுதி ரெக்கார்டின் பின்அட்டையில் ஒட்டிவிடுங்கள். இன்று கனெக்‌ஷன் கொடுத்தவர் அடுத்த முறை லோடு, அதற்கடுத்து ரீடிங், பிறகு எழுத்து. ஆண் மாணவர்கள் இதற்கு எதிர்ப்பு சொல்வதில்லை. அவர்களிலும் பாதிப் பேருக்குக் கனெக்‌ஷன் தெரியாது, கேட்க வெட்கம்.

உடை பற்றி ஒரு வரி. பிரேக் டிரம், பெல்ட், லேத் இருக்கும் இடத்தில் துப்பட்டா கழுத்தில் தொங்கக் கூடாது. கழற்றி வைத்துவிட்டு மேலே காக்கிச் சட்டை அல்லது லேப் கோட், பின்னலை உள்ளே விட்டுப் பொத்தான். கண்ணாடி வளையலும் வேண்டாம். சுற்றும் இயந்திரத்தின் அருகே கையுறையும் ஆகாது, அது மாட்டிக்கொண்டு கையையும் இழுத்துவிடும். பாதுகாப்பு ஷூ சிறிய அளவில் கல்லூரி ஸ்டோரில் இருக்காது. திண்டுக்கல்லிலேயே அளவு பார்த்து வாங்கிக்கொண்டு போ.

பாடத்துக்கு ஒரு படிப்புக் குழு வேண்டும், ஐந்து பேர் போதும். மூன்று பேர் என்றால் ஒருவர் ஊருக்குப் போனதும் உடைந்துவிடும், ஏழைத் தாண்டினால் அரட்டைக் கச்சேரி ஆகிவிடும். வாரம் ஒரு முறை, ஒன்றரை மணி நேரம், கிழமை மாறக் கூடாது. நன்றாகப் படிப்பவள் சொல்லிக்கொடுக்க மற்றவர்கள் கேட்பது என்று வைத்தால் அவள் களைத்துப்போவாள், மற்றவர்கள் கற்றிருக்க மாட்டார்கள். தெரியாதவள் போர்டில் நிற்கட்டும், தெரிந்தவள் வாயால் மட்டும் வழிகாட்டட்டும். முதலாண்டில் அரியர் விழும் இடங்கள் பெரும்பாலும் கணிதமும் இன்ஜினீயரிங் கிராஃபிக்ஸும். கிராஃபிக்ஸில் தவறு எங்கே தெரியுமா? நம் நாட்டில் முதல் கோண வீழ்ப்பு முறை. மேல்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வரும். இதைத் தலைகீழாக வரைந்துவிட்டு, மீதி எல்லாம் அழகாக வரைந்து மார்க்கை இழப்பவர்கள் ஏராளம். டெஸ்டுக்கு முந்தைய நாள் ஒருவர் தாளை ஒருவர் திருத்துங்கள். தன் தவறு தன் கண்ணுக்குத் தெரியாது, அடுத்தவள் கண்ணுக்கு அரை நிமிடத்தில் தெரியும்.

ஆண் மாணவர்களை விலக்கி வைத்துக் குழு கட்டச் சொல்லவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் பெண்கள் ஏமாந்துபோகிறார்கள்: செய்தி. எந்தக் கம்பெனி எந்த மாதிரி ஆப்டிடியூட் கேட்கிறது, எந்தப் பேராசிரியர் எந்த ப்ராஜெக்டுக்கு ஆள் தேடுகிறார், போன வருட வைவா கேள்வி என்ன என்பதெல்லாம் ஆண்கள் விடுதியில் இரவு பதினொரு மணிக்கு, டீக்கடையில், சீனியர் அறையில் கைமாறும். பெண்கள் விடுதியின் கேட் இருட்டும் முன்பே மூடியிருக்கும். இதைச் சரிசெய்ய, விடுதியில் ஒவ்வொரு ஆண்டிலிருந்தும் ஒரு இ.இ.இ. மாணவியைப் பிடித்து நான்கு பேர் சங்கிலி ஒன்றை உருவாக்கு. நான்காமாண்டு அக்கா இன்டர்வியூ முடிந்து வந்த அன்றே கேள்விகளை எழுதிப் பொதுவான டிரைவ் ஃபோல்டரில் போட வேண்டும், மறுநாளே பாதி மறந்துவிடும். சில கல்லூரிகளில் ஐ.இ.இ.இ. என்ற உலகப் பொறியாளர் அமைப்பின் மாணவர் கிளையும், அதில் பெண் பொறியாளர்களுக்கான தனிக் குழுவும் உண்டு. இருந்தால் சேர். வேறு கல்லூரிப் பெண்களையும் வேலையில் இருப்பவர்களையும் அறிய அது வழி.

ப்ராஜெக்ட் நேரத்தில் விடுதி கேட் மூடும் நேரமே பெரிய தடையாகும். "எங்களுக்கும் சுதந்திரம் வேண்டும்" என்று மொட்டையாக மனு போட்டால் வார்டன் ஃபைலை மூடிவிடுவார். துறைத்தலைவர் கையெழுத்துடன், எந்த லேப், எந்தத் தேதிகள், எத்தனை மணி வரை, யார் யார், திரும்பும்போது உடன் வரும் ஊழியர் யார் என்று எழுதிக் கொடுங்கள். மறுப்பதற்குக் காரணம் தேட வேண்டிய நிலை அவருக்கு வரும்.

தோழிகளால் தீர்க்க முடியாதவையும் உண்டு. யாராவது அத்துமீறினால், அது மாணவனோ ஆசிரியரோ லேப் ஊழியரோ, கல்லூரியின் உள் புகார்க் குழுவுக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் கொடுப்பது விதி. தக்க காரணம் இருந்தால் மேலும் 3 மாதம் நீட்டிக்கலாம். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். இங்கே தோழிகளின் வேலை மூன்றுதான்: தேதியும் நேரமும் சாட்சியும் விடாமல் எழுத உதவுவது, மெசேஜ்களை அழிக்காமல் காப்பது, புகார் கொடுக்கப் போகும்போது கூடவே போவது. "விடுடி, வீட்டுக்குத் தெரிஞ்சா படிப்ப நிறுத்திருவாங்க" என்று அமுக்குகிற தோழிதான் அதிகம் கெடுதல் செய்பவள், அவளுக்கே அது தெரியாது.

நான்காமாண்டில் ஆலை வேலை இன்டர்வியூவில் "கல்யாணம் எப்போ? நைட் ஷிஃப்ட் வருவியா?" என்று கேட்பார்கள். குழுவாக முன்பே பயிற்சி எடுங்கள். முதல் கேள்விக்கு, "வேலையில் என் திட்டத்தைச் சொல்கிறேன் சார்" என்று திருப்பலாம். இரண்டாவதற்கு, போக்குவரத்து, ஓய்வறை, ஷிஃப்டில் இன்னும் எத்தனை பெண்கள் என்று நீயே கேள். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு பெண்களின் இரவு வேலையைத் தடுத்தது. 2000-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது, ஆனால் பாதுகாப்பு நிபந்தனைகளோடு. ஆகவே நீ கேட்பது சலுகை அல்ல.

இப்போது கவுன்சலிங். கணித மார்க் முழுதாக, இயற்பியல், வேதியியல் மார்க் பாதியாக எடுத்தால் உன் கட்-ஆஃப் 96, 45, 46 சேர்த்து 187. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்பதால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் தனித் தரவரிசையும் உனக்கு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசு ஏற்கும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உன் வங்கிக் கணக்குக்கே வரும். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை. ஆனால் வேறு அரசு உதவித்தொகையோடு சேர்த்து வாங்குவதில் நிபந்தனை இருக்கிறது, விண்ணப்பிக்கும் முன் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிடு. 7.5-இல் இடம் கிடைக்காமல் பொது வழியில் தனியார் கல்லூரி அமைந்தால், முதல் பட்டதாரிச் சலுகை கைகொடுக்கும். அந்தச் சான்றிதழை இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்து வை.

விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். கவுன்சலிங் கணினி அதை மேலிருந்து கீழாகத்தான் பார்க்கும், அதனால் கிடைக்குமா என்று யோசித்து வரிசையை மாற்றாதே, ஆசைப்படும் வரிசையிலேயே போடு. பட்டியல் எழுதும் முன் இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு நேரில் போ. அலுவலகத்தில் கேட்காதே, மூன்றாமாண்டு இ.இ.இ. மாணவிகளைக் கேள்: உங்கள் வகுப்பில் எத்தனை பெண்கள், விடுதி கேட் எத்தனை மணிக்கு, மெஷின்ஸ் லேபில் கடைசியாக நீங்கள் கையால் கனெக்‌ஷன் கொடுத்தது எப்போது. மூன்றாவது கேள்விக்கு அவர்கள் சிரித்தால் அந்தக் கல்லூரியைப் பட்டியலில் கீழே இறக்கு. அப்பா அந்த நேரத்தில் லேபுக்குள் போய் மோட்டார்களைப் பார்க்கட்டும். ஓடுகிறதா, சும்மா நிற்கிறதா என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.